ஜெமீல் வெட்டிய பித்தளை

ஜூலை 8, திங்கள்

ஜெமீல் ஆறு வடிகட்டிகளையும் வெட்டி முடித்தான். கொழும்பு ஆய்வுகூடம் கேட்டவை. நுண்ணலைகளில் வேண்டியதை மட்டும் வெளியே விடும் பித்தளைக் குழாய்கள். குழாய் என்பது பேச்சுக்கு. இரண்டு பாதிகளாக வெட்டித் திருகாணியால் பொருத்துவது. உள்ளே வரிசையாகச் சின்ன அறைகள், அறைகளுக்கிடையே ஒடுங்கிய வாசல்கள். வாசல் பத்து மைக்ரோன் பிழைத்தால் எல்லாம் பிழைத்தது. தலைமயிரே எழுபது மைக்ரோன் தடிப்பு.

அளப்பது நான். கணவர் கில்பட் உயிரோடிருந்த காலத்திலும் நான்தான். நுணுக்குக்காட்டியின் கீழ் எல்லா வாசல்களும் இரண்டு மைக்ரோனுக்குள் நின்றன. அளவுத்தாளில் கையெழுத்திட்டேன். ‘அளந்தபின் எவரும் தொடக்கூடாது’ என்று பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டியதும் நான்தான்.

ஜூலை 9, செவ்வாய்

திருநாள் வருகிறது. கோவில் மெழுகுதிரிக்கால்கள் பதினான்கும் வழக்கம்போல் என்னிடம் வந்தன. பக்கத்து வீட்டு மக்தலேனா தானும் மினுக்கட்டுமா என்றாள். அவள் கை பட்டால் மூலையெல்லாம் மினுக்கும் பசை நிற்கும். வேண்டாமென்றேன்.

வடிகட்டிகள் மங்கலாக இருந்தன. கொழும்புக்குப் பெட்டி போகுமுன் பிரித்து அவற்றையும் ஒருமுறை துடைத்தேன். மங்கலான பொருள் இந்த வீட்டிலிருந்து போனதில்லை.

ஜூலை 17, புதன்

ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் நிலானி தொலைபேசியில். ஆறும் தவறிவிட்டன.

“அதிர்வெண் கீழ இறங்கியிருக்கு மிஸிஸ் கில்பட். இழப்பும் கூட. இன்னொரு தரம் செய்து தாங்கோ, பாப்பம். அதுவும் சரிவராட்டி நாங்க வேற இடம் பாக்கத்தான் வேணும்.”

ஜூலை 18, வியாழன்

ஜெமீலிடம் கேட்டேன்.

“நான் வெட்டினது சரி மெடம். நீங்கதானே அளந்தீங்க?”

மெசின் சூடேறி இழுத்திருக்கும் என்றேன்.

“அப்ப நீங்க அளக்கக்குள்ள காட்டியிருக்குமே.”

மெசின் அறைக் கதவின் திறப்பைத் தரச் சொன்னேன். மேசையில் வைத்தான். இருபத்திரண்டு வருடம் அவன் இடுப்பில் இருந்த திறப்பு. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அவன் கேட்ட கேள்வி நியாயமானது.

ஜூலை 19, வெள்ளி

மெசின் நிற்கிறது. வெயில்.

ஜூலை 22, திங்கள்

பெட்டி திரும்பி வந்தது. ஒன்றைப் பிரித்தேன். மூலைகளில் வெள்ளையாகக் காய்ந்த தூள். மணந்து பார்த்தேன். இரண்டு கிழமையாக என் விரல்களில் இருக்கிற மணம்.

நுணுக்குக்காட்டியில் வைத்தேன். வாசல் விளிம்புகள் பாவித்த சவர்க்காரம்போல் மழுங்கியிருந்தன. பன்னிரண்டு மைக்ரோன் பிழை. பதினைந்து. இரண்டாவதையும் பிரித்தேன் — அதேதான்.

ஒன்பதாந்திகதி ‘துடைத்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். பொய். மினுக்கினேன். மெழுகுதிரிக்கால் பசையைப் போட்டு, துணிக்குள் விரலை விட்டு, ஒவ்வொரு வாசலாக, முழுப் பின்னேரமும். யாரடி உன்னட்டக் கேட்டது? சுவரில ஒட்டி வச்சது ஆருக்கு?

ஜூலை 23, செவ்வாய்

பஸ்ஸில் பாலாவிக்கு, ஜெமீல் வீட்டுக்குப் போனேன். ஜெமீலின் மனைவி பஸீனா கதிரை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணீர் வருமுன் சொல்லி முடித்துவிட்டேன். அவன் என் விரல்களைப் பார்த்தான்.

“எதால மினுக்கினீங்க?”

சொன்னேன்.

“கேட்டியா பஸீனா? மெடம் என்ட பித்தளைய பூசைக்கு அனுப்பிருக்காங்க.”

பஸீனா சிரிக்கவில்லை. “அஞ்சு நாளா இவர் சரியாத் தின்னல்ல,” என்றாள், என்னைப் பார்த்து.

திறப்பை மேசையில் வைத்தேன். அவன் எடுக்கவில்லை.

“வாறன். ஆனா அளந்த உடனே பெட்டிய நான்தான் மூடுவன்.”

ஓம் என்றேன். பிறகுதான் எடுத்தான்.

ஜூலை 24, புதன்

நிலானிக்குக் கடிதம். ‘பிழை வெட்டியவருடையதல்ல. அளந்தபின் மினுக்கிய என்னுடையது.’ மூன்று முறை எழுதிப் பார்த்தேன். இதைவிடச் சுருக்க முடியவில்லை. முழுப்பெயரில் கையெழுத்து: அல்பொன்சா கில்பட்.

ஜூலை 31, புதன்

மெழுகுதிரிக்கால்களைக் கோவிலில் ஒப்படைத்தேன். கடைசி நான்கை மக்தலேனா மினுக்கினாள். மூலையில் பசை இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

புதிய ஆறும் முடிந்தன. காலை முழுவதும் அளந்தேன். எல்லாம் இரண்டு மைக்ரோனுக்குள். பித்தளை பழைய ஐந்து சதக் காசுபோல் மங்கிக் கிடந்தது. இரண்டில் ஜெமீலின் விரலடையாளம் வெளிப்புறத்தில் தெரிந்தது. அவன் பெட்டியோடு வந்து பக்கத்தில் நின்றான்.

“பாத்து முடிஞ்சிதா மெடம்?”

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் பெட்டியை மூடினான்.