பெண் வீட்டாரும் பெட்ரோமாக்ஸும்

பாரிவாக்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள விக்ரமுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை வித்யா மூவரும் சௌக்கியம், என் இடது புருவம் மட்டும் இப்போதைக்கு இல்லை, அது வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். கால்கரியில் பனி ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை வித்யா அனுப்பிய போட்டோவைப் பார்த்து நீ பதறிப்போய் போன் செய்தாய், நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு எல்லாம் உன் அப்பா வேலைதான் என்று சொல்லி வைத்துவிட்டாள். முழுக்க என் வேலை இல்லை, பாதிதான். அதனால்தான் எழுதுகிறேன், இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி வித்யாவிடம் கொடுப்பேன், கடிதத்தில்தான் என்னை யாரும் குறுக்கே மடக்க முடியாது.

நீ ஜோதிகாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னதிலிருந்து அவளுடைய அப்பா வீராசாமி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வீட்டை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஆவடி பாக்டரியில் மில்லிமீட்டருக்கும் கீழே அளந்த மனிதர், நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியவன், அவரிடம் போனில் என்ன பேசுவது? அவர் பேசாமல் இருந்தார், நானும் பேசாமல் இருந்தேன், தாங்க முடியாமல் எங்கள் வீட்டில் பழைய பெட்ரோமாக்ஸ் ஒன்று இருக்கிறது சார், நன்றாக எரியும் என்று சொல்லிவிட்டேன். உன் தாத்தா அதைக் கடைசியாக ஏற்றியபோது நீ பிறக்கவே இல்லை. எத்தனை கேண்டில் பவர் என்று கேட்டார். நிறைய சார் என்றேன். அப்ப நாங்க வர்றப்போ ஏத்திக் காட்டுங்க என்று சொல்லிவிட்டார்.

பரணிலிருந்து இறக்கினால் அது விளக்கு மாதிரியே இல்லை. புளியும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் போட்டு ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன், வெள்ளையாக இருந்த அழுக்கெல்லாம் போய் உள்ளே தங்கம் போல மின்னியது. பாதி தேய்த்த பிறகுதான் வித்யா போனில் பார்த்து, அப்பா அது அழுக்கு இல்ல, நிக்கல் முலாம் என்றாள். அப்படியே நிறுத்திவிட்டேன். பாதி செரைச்ச மூஞ்சி மாரி கீதுய்யா என்றாள் உன் அம்மா. டேங்க் உள்ளே பழைய எண்ணெய் கோந்து மாதிரி ஒட்டியிருந்தது, பொடிக்கல்லும் சோப்புத் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினேன், கை வலிக்கிறதே என்று தெருவில் நடந்துகொண்டே குலுக்கினேன். எதிர் வீட்டு டில்லிபாபு இன்னா அண்ணாத்தே, யாருக்குக் குறி சொல்லிக்கினு போற என்றான். பம்ப் உள்ளே இருக்கும் தோல் வாஷர் அப்பளம் போல நொறுங்கிவிட்டது, புதிதாக வெட்டித் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தேன். உன் கருப்பு லெதர் ஷூவில் இடது கால் எங்கே என்று வந்து தேடாதே. மண்ணெண்ணெய் கேட்டதற்கு ரேஷன் கடைப் பெண் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது, கடைசியில் பூந்தமல்லி ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஒரு பாட்டில் தந்தார்கள். விளக்குக்குள் கட்டி எரிக்கிற துணி வலை, அந்த மேன்டில், இரண்டு கிடைத்தன. எரித்த பிறகு அது வெறும் சாம்பல் வலை, தொடக்கூடாது என்றாள் வித்யா. எவ்வளவு மெல்லிசு என்று தொட்டுப் பார்த்தேன். ஆகவே ஒன்று.

ஞாயிறு அன்று வீராசாமி ஸ்கூட்டரிலும், அவர் சம்சாரமும் அவருடைய அக்கா வேம்புலியம்மாளும் ஆட்டோவிலும் வந்தார்கள். உன் அம்மா கிச்சன், போர் தண்ணீர், மொட்டைமாடி எல்லாம் காட்டினாள், அவர் கண் விளக்கின்மேலேயே இருந்தது. யாரு தேச்சது என்று கேட்டார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைக் கை காட்டினாள். சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை எரியவிட்டு, மேலே இருக்கும் குழாய் நன்றாகச் சூடான பிறகுதான் எண்ணெயைத் திறக்க வேண்டும், அது எனக்கே தெரியும், மெதுவாகப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத்தான் பொறுக்கவில்லை. கையில் பாதி பஜ்ஜியோடு எழுந்து வந்து, அய்ய, அப்டி இல்ல சம்மந்தி, நவுருங்க, நான் பாக்குறேன் என்று குழாய் சூடாவதற்குள் எண்ணெய்த் திருகைத் திருப்பிவிட்டார். மஞ்சள் நெருப்பு குப்பென்று எழும்பியது, என் புருவம் போனது, அவர் மீசையில் ஒரு பக்கம் போனது, ஹால் சுவர் முழுக்கக் கரி. வித்யாதான் ஓடி வந்து காற்றுத் திருகைத் திறந்துவிட்டாள், நெருப்பு அடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் இருமிக்கொண்டு நின்றோம்.

அப்போது அவர் சம்சாரம், மொத மொத வந்த ஊட்ல இப்டி கரி புடிச்சிக்கிச்சே, சகுனம் சரியில்லயே என்று மெல்லச் சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன், உன் அம்மா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. வேம்புலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சகுனத்த உடு, நீ அவர இன்னான்னு கூப்ட என்று தம்பியைக் கேட்டார். சம்மந்தின்னு கூப்ட்டியா இல்லியா என்று மறுபடியும் கேட்டார். அவசரத்துல வந்துடுச்சிக்கா என்றார் வீராசாமி. அவசரத்துலதாண்டா மன்சுல கீறது வாயில வரும், வாயால சம்மந்தின்னும் கூப்ட்டு, அந்த மன்சன் புருவத்தயும் கொளுத்திட்டு, யோசிச்சி சொல்றேன்னு எழுந்து போவியா, அது மரியாதியா என்று போட்டார் ஒரு போடு.

வீராசாமி ஸ்க்ரூடிரைவர் இருக்கா என்று கேட்டார். தரையில் உட்கார்ந்து குழாயைக் கழற்றிப் பார்த்தார், பழைய பேப்பர் கேட்டு விளக்கைச் சுற்றினார், ஸ்கூட்டரில் முன்னால் வைத்தார். கிளம்பும்போதுதான் என்னைப் பார்த்து, இத சரி பண்ண தை மாசம் ஆவும், கொண்டாந்து குடுக்கற அன்னிக்கே தட்டும் மாத்திக்கலாம் சம்மந்தி என்றார். இந்தத் தடவை நிதானமாகத்தான் சொன்னார், நாங்கள் எல்லோரும் கேட்டோம். உன் அம்மா உள்ளே போய் அழுதாள், கேட்டால் புகை என்கிறாள்.

தை மாதத்துக்கு லீவு இப்போதே எழுதிக் கொடு. அவருக்குப் போன் செய்யும்போது அங்கிள் என்று சொல்லித் தொலைக்காதே, மாமா என்றே ஆரம்பி. வேளைக்குச் சாப்பிடு, பிரெட்டையே தின்றுகொண்டிருக்காதே. நீயும் அந்தப் பெண்ணும் நிறைவாக வாழ வேண்டும், பாரிவாக்கத்துச் சாமிகள் எல்லாம் துணை இருக்கட்டும். அங்கே கேம்ப் போகிறவர்களுக்கான கடையில் மேன்டில் கிடைக்குமாம், மறக்காமல் ஒரு டஜன் வாங்கி வா, ஏற்றப் போவது நானும் சம்மந்தியும் சேர்ந்து.

உன் நலமே நினைக்கும் அப்பா,
கோவிந்தராஜ்