கேசட்டில் இருந்த இருமல்

நார்த்தாமலை,
ஞாயிறு.

அன்பு மகன் நிலவழகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அருள்மணி சித்தப்பா வீட்டாரும் சுகம், அங்கே தோஹா வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இரண்டு நாளாய் மழை, என் நூலகத்தின் பின்சுவர் மறுபடி ஒழுகிற்று, சித்தப்பாதான் வந்து தார்ப்பாய் கட்டினார், "புத்தகத்துக்குப் போத்துறதுல பாதி ஒங்களுக்குப் போத்திக்கங்க அண்ணி" என்று கேலி வேறு. வெள்ளிக்கிழமை போனில் கேசட்டில் கை வைக்காதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன், ஏன் என்று நீ கேட்டதற்குத்தான் இப்போது எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டையும், அப்பாவின் கேசட்டை அப்படியே கணினியில் ஏற்றியதையும் அதிலிருக்கும் வெளிநாட்டுக் கச்சேரியின் அசல் பதிவையும், ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். அது எவ்வளவு பெரிய அரங்கம் என்பதே அசலில்தான் தெரிந்தது. டிரம்ஸ் ஏழு ஏழாய் எண்ணிப் போகிறது, ஆர்கன் அதை விட்டு எங்கோ சுற்றுகிறது, இனிச் சேரமாட்டார்கள் என்று நினைக்கும்போது ஒரே அடியில் சேர்கிறார்கள். சாக்ஸபோன் ஓரிடத்தில் பிசிறுகிறது, அதைத் திருத்தாமல் வெளியிட்டவர்களை எனக்குப் பிடித்துப் போயிற்று. பிறகு எல்லாம் அடங்கி சாக்ஸபோன் மட்டும் தனியாய்ப் பேசும் இடம், நம் கேசட்டில் இருமல் வரும் இடம், அசலிலும் அந்த இருமல் இருந்தது.

நிலவு, அது அப்பா இல்லை. உனக்கு மூன்று வயதில் விக்ரம் மாமாவிடம் கேசட்டை இரவல் வாங்கி, இரண்டு டேப் ரெக்கார்டரை எதிரெதிரே வைத்து, ஒன்று பாட மற்றது பதிய, ஒரு சத்தம் வரக்கூடாது என்று நம் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு அவர் மட்டும் உள்ளே இருந்தார். அதனால்தான் அவர் தவறிய பிறகு இருமலைக் கேட்டதும் அப்பா என்று உனக்குச் சொன்னேன். காய்ச்சலில் கிடந்தாலும் அதையே ஓட்டி ஓட்டிக் கேட்பாய். பதினாறு வருஷம் யாரோ ஒருவருடைய இருமலைக் கொடுத்து உன்னைத் தூங்க வைத்திருக்கிறேன், மன்னித்துக்கொள்.

ஆனால் இருமலுக்குச் சற்றுப் பின்னால் ஒரு தாழ்ந்த ஒலி மூன்று தடவை வருகிறது, நான் ஏதோ கிட்டார் என்று நினைத்திருந்தது, நீ "கேசட் ஹம்மும்மா, மெஷின் இரைச்சல், எடுத்துடுறேன்" என்றாயே அது. அசலில் அது இல்லை. மூன்றும் சாக்ஸபோன் மூச்சு வாங்க நிற்கும் இடங்கள். மத்தியானங்களில் நான் கதை வாசிக்க அப்பா படுத்துக்கொண்டு உம் கொட்டுவார், "ம் நின்னா தூங்கிட்டேன்னு அர்த்தம், பக்கத்த மடிச்சு வை தெலகா" என்பார். நம்மை வெளியே அனுப்பிய மனிதர் அந்த வாத்தியத்துக்குத் தன்னையறியாமல் உம் கொட்டியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அடுப்படியில் நின்றாலும் நான் மேலே சொல்வதற்காக ஒருவர் பின்னால் காத்திருப்பது போல இருக்கிறது, பயமில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அந்த ஒலியை எடுக்காதே, எடுத்திருந்தால் கேசட்டிலிருந்து மறுபடி ஏற்று. கேசட்டை வெயில் படாமல் வை, வேளைக்குச் சாப்பிடு. போகும் இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் வாய்க்கட்டும். பதினோராம் நிமிடம் முடிகிற இடத்தில் அப்பாவின் ம் வரும், மறந்துவிடாதே. கேட்டுவிட்டு நீளமாய் எதுவும் எழுத வேண்டாம், ம் என்று ஒரு செய்தி அனுப்பு, நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

உன் அம்மா,
திலகவதி