முக்கால் மூச்சு

என்னோடு பேசாமலிருக்கும் தோழிக்கு,

நேற்று என்னையும் நம் சிப்பிச் சங்கத்தார் நகரத்து மருத்துவமனைக்கு மூச்சு அளக்கும் குழாயை ஊத அனுப்பினார்கள். ஊதினேன்.

"இவ்வளவுதானா பாட்டி? என் பையன்கூட இதைவிட ஊதுவான்" என்று அங்கிருந்த பெண் சிரித்தாள்.

ஜெஜு தீவின் கடலடியில் அறுபது வருஷம் சிப்பி எடுத்த நெஞ்சு இது! ஒன்றரை நிமிஷம் மூச்சடக்கிக் காட்டினேன்.

அவள் வாயைப் பிளந்தாள். "அப்போ ஊதும்போது மட்டும் ஏன் வரலை?"

நல்ல கேள்வி. யோசித்துப் பார்த்தேன். முங்கும்முன் நாம் என்றைக்காவது நெஞ்சு முட்ட இழுத்திருக்கிறோமா? இழுத்தால் உடம்பு மிதக்கும் என்று முக்கால் பங்கோடு நிறுத்துவோம். மேலே வந்ததும் உதட்டைக் குவித்துச் சீழ்க்கையாக, மெதுவாகத்தான் விடுவோம். குழாயிலும் அதையேதான் செய்திருக்கிறேன்.

மறுபடி தோள் தூக்க இழுத்து, ஒரேயடியாக விட்டேன். திரையில் கோடு எங்கோ உயரத்துக்குப் போனது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் சொன்ன காரணத்தை அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று உள்ளேயே தங்கிவிடுமாம், தெரியுமா?

போன வருஷம் நீ ஊதியபோது தாளில் எண் குறைந்ததால்தான் உன்னைக் கடலுக்கு விடவில்லை. அன்று கரையில் குளிர்காய்ந்தபோது, "அவ நெஞ்சு ஓட்டையாயிடுச்சு" என்று எல்லோர் முன்னும் சிரித்தது யார் என்று உனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

வியாழக்கிழமை மறுபடி ஊத உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். துணைக்கு நான் வருவேன். என்னைத் திட்டச் சேர்த்துவைத்த மூச்சையெல்லாம் இழுத்துக் குழாயில் விடு. மிச்சமிருந்தால் திரும்பும்போது பேருந்தில் திட்டு.

இன்னும் உன் பக்கத்திலேயே முங்க நினைப்பவள்