அண்ணனுடைய கிட்டார் என்று நான் சொன்னது

அன்பு மகள் டெல்லாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கலிபோர்னியாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். மழை வந்தால் அம்மாவின் முழங்கால் முணுமுணுக்கிறது, மற்றபடி அவள் வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை. தக்காளி இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, நான் பையோடு வருவதைப் பார்த்தாலே அக்கம்பக்கத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நாயைப் பற்றிக் கேட்டிருந்தாய், அது என்னைவிட நன்றாகத் தூங்குகிறது. நான் ஏன் தூங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் போன வாரம் கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் தக்காளியைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது டெல்லா. நீ செய்து அனுப்பிய கிட்டாரை வைத்துக்கொண்டு உன் அப்பன் ஒரு கேவலமான காரியம் பண்ணிவிட்டான்.

பல் பிடுங்குகிற வேலையிலிருந்து ரிடையர் ஆனதும் எனக்கு நானே ஒரு உயர்ந்த கிட்டார் வாங்கிக்கொள்ளப் போகிறேன், செத்துப்போன என் அண்ணன், உன் ராய்ஸ் பெரியப்பா, ஆசையாக வைத்திருந்த மாதிரி வெண்ணெய் நிறத்தில் வேண்டும், அதே மாதிரித் தேய்ந்து பழசாகவும் இருக்க வேண்டும் என்று நீ வேலை பார்க்கிற கிட்டார் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினேன் அல்லவா. அதைத் தேய்த்துப் பழசாக்குகிற மேசையில் நீயே உட்கார்ந்தாய் என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு பெருமை. பெட்டி வந்த அன்று திறந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வார்னிஷ் உரிந்து கட்டை தெரிகிற இடமும், முதுகில் பெல்ட் கீறினது போன்ற கோடுகளும், மங்கிப்போன திருகாணிகளும், நேற்று செய்த சாமான் என்று யாரும் சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. பளபளப்பாக இருப்பதைவிட இப்படிக் கீறினதற்கு விலை கூட என்று கேட்டதும் உன் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "புதுச் சாமானைக் கெடுத்துத் தர்றதுக்குக் கூடுதல் காசா? அடுத்த தடவை என்கிட்ட குடு வெண்டல், பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரால நானே ஓசியில தேய்ச்சுத் தர்றேன்" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டு நானும் சிரித்தேன். அதோடு வீட்டிலேயே வைத்துக்கொண்டு வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹாலிஸின் பொரித்த மீன் கடையில் வியாழக்கிழமை சாயங்காலம் கூடி வாசிப்பார்களே, அங்கே எனக்கு என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். ஐஸ் மெஷின் பக்கத்து நாற்காலிதான் எனக்கு எப்போதும், அது உறுமுகிற உறுமலில் நான் வாசிப்பது கேட்காது என்பதால் அங்கே போட்டார்கள் என்று சந்தேகம். என் பழைய கிட்டாரைப் பார்த்து, "பல்லும் பளபளப்பு, கிட்டாரும் பளபளப்பு, ரெண்டுலயும் ஒரு கறை கிடையாது" என்பார்கள். "டாக்டரே, வலிக்குதுன்னு ஜனங்க சொன்னா நிறுத்திடணும்" என்று ஹாலிஸ் சொல்லாத வாரம் இல்லை. அங்கே தேய்ந்த கிட்டாருக்குத்தான் மதிப்பு, தேய்ந்த அளவுக்கு அந்த ஆள் ஊர் ஊராக வாசித்திருக்கிறான் என்று கணக்கு. நீ செய்ததைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது ஹாலிஸ் மீன் பொரித்த கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டான். தொட்டுவிட்டு, "வேலை பார்த்த கிட்டாருய்யா இது. யாரோடது?" என்றான். எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். என் மகள் செய்தது என்று சொல்ல வேண்டிய வாய், "எங்க அண்ணன் ராய்ஸோடது" என்று சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் காணோமே, எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள், தேடிப் பிடித்தேன் என்றும் சொன்னேன். ஒருவன் எழுந்து தன் நடு நாற்காலியை எனக்குக் கொடுத்தான். எப்போதும் தப்பாக வாசிக்கிறதையே அன்றைக்கும் தப்பாக வாசித்தேன், அதைக் கேட்டு, "ராய்ஸோட சாயல் தெரியுது பாரு" என்றார்கள். சொல்லவே நா கூசுகிறது, அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், அவளும் சிரிப்பாள் என்று நினைத்து. அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "ஒவ்வொரு கீறலையும் உக்காந்து போட்டது நம்ம பொண்ணு. அவ பேரை ஒரு தடவையாவது சொன்னியா?" என்றாள்.  அடுத்த வாரம் போய்ச் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன், நம் ஊரில் ஒரு பேச்சு அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்குமா. மறுநாளே வெர்லீன் அண்ணி, உன் பெரியம்மா, காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைச் சூடாகக் கையில் ஏந்திக்கொண்டு, நடக்க முடியாத காலோடு படியேறி வந்தார்.

பலகாரத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "அவரோட கிட்டார் வந்திருக்காமே, நான் பாக்கலாமா?" என்று ஏதோ அந்நிய வீட்டில் கேட்கிற மாதிரி கேட்டார். எடுத்து அவர் மடியில் வைத்தேன். தடவித் தடவிப் பார்த்தார், வால் பக்கம் தேய்ந்த இடத்தில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. அழுகை வந்துவிட்டது. அப்புறம் அவர் சொன்னது நான் அதுவரை கேள்விப்படாதது. ராய்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனைக் கேட்காமல் பெரியம்மாதான் அந்தக் கிட்டாரை வழிப்போக்கன் ஒருவனுக்கு விற்றுவிட்டாராம். "வீட்டுக்கு வந்து காலிப் பெட்டியைத் திறந்து பார்த்தார் வெண்டல். ஒரு வார்த்தை பேசலை. மூடி வச்சிட்டுப் படுத்துட்டார். திட்டியிருந்தா அழுது தீர்த்திருப்பேன். திட்டாமலே போய்ச் சேர்ந்துட்டார்" என்றார். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ தேடிக் கொண்டுவந்துட்டே. கூடப் பொறந்தவன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார். உன் அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். நான் கோழை, சொல்லவில்லை. கேள், இன்னும் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ராய்ஸின் நினைவு நாள், சர்ச்சில் அந்தக் கிட்டாரை முன்னால் வைக்க வேண்டும், அதன் பக்கத்தில் நின்று, விற்றது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றார். இத்தனை வருஷம் நெஞ்சில் சுமந்ததை ஒரு மனுஷி என் பொய்யின் முன்னால் மண்டியிட்டு இறக்கி வைக்கப் போகிறாள் என்றால் நான் எப்படி சர்ச்சில் உட்கார்ந்திருப்பேன்.

அதனால் சனிக்கிழமை காலையில் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், இது ராய்ஸுடையது இல்லை அண்ணி, புதுசு, டெல்லா செய்தது, நாலு பேர் மதிக்கட்டும் என்று பொய் சொன்னேன் என்று. "திரும்பச் சொல்லு" என்றார், திரும்பச் சொன்னேன். பீன்ஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் துரத்தி அடித்தால் தேவலை என்று இருந்தது. வெளியே வந்து, கிட்டாரை எடுக்கச் சொல்லி மடியில் வாங்கிக்கொண்டு, அந்தத் தேய்ந்த இடத்தில் மறுபடியும் கையை வைத்தார். "வாசிக்கிற கை உரசி எல்லாருக்கும் மேல் விளிம்புலதான் தேயும். மர மில்லுல கை ஒடிஞ்சதுலேர்ந்து அவருக்கு முழங்கை சரியா மடங்காது. அதனால இவ்வளவு பின்னால, வால் பக்கம் தேய்ஞ்சிருந்தது. இதைப் பாத்துத்தான் நான் நம்பினேன். இதை டெல்லாவுக்கு நீ சொன்னியா?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. உனக்கு நினைவிருக்கும், பெரியப்பா கை தேய்த்த இடம் எங்கே இருந்தது அப்பா என்று நீ போனில் கேட்டாய், எங்கே போட்டால் அழகாக இருக்குமோ அங்கே போடு என்று சொல்லிவிட்டு நான் ஏதோ வேலையாகப் போய்விட்டேன். எனக்குத் தெரியாது, அதுதான் உண்மை. அதை அப்படியே அண்ணியிடம் சொன்னேன்.  அப்புறம், "அப்ப அந்தப் பிள்ளை தானா ஞாபகம் வச்சிருக்கா. நான் ஒருத்திதான் இன்னும் நினைச்சிட்டிருக்கேன்னு இருந்தேன்" என்று சொல்லி அழுதார், முதல் நாள் அழுததைப் போல இல்லை, நிம்மதியாக அழுதார். கிட்டாரைப் பெட்டியில் வைத்து அவரே மூடி, "அவ வர்ற வரைக்கும் பத்திரமா வச்சிரு. நாளைக்கு நான் வெறுங்கையோடயே எழுந்து சொல்லிக்கறேன். நீ சொல்ல வேண்டியதை நீ போய்ச் சொல்லு" என்றார். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொன்னார், ஜனங்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

நானும் வியாழக்கிழமை போனேன். பழைய பளபளப்புக் கிட்டாரோடு போய், அது அண்ணனுடையது இல்லை, என் மகள் செய்தது, நான் பொய் சொன்னேன் என்றேன். கடையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோயிற்று. ஹாலிஸ்தான் கடைசியில், "அப்ப அந்த வாசிப்பு முழுக்க உன்னோடதுதானா? நல்லவேளை டாக்டரே, செத்த மனுஷன் மேல பழி போட இருந்தோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் மீன் வைத்தார்கள். நடு நாற்காலியில் உரியவன் உட்கார்ந்திருந்தான், நான் ஐஸ் மெஷின் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர்கள் மறந்துவிடுவார்கள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை, உன் வேலையை எடுத்துச் செத்தவன் பெயரில் போட்டு, அந்தப் பெருமையை நான் தின்றேன். மன்னித்துவிடு கண்ணு.

ஆனால் அதைவிட இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சின்ன வயதில் உன்னை அண்ணி தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார், கார் ஷெட்டில் ராய்ஸும் அவன் ஆட்களும் வாசிப்பதை நீ தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய். உன்னைக் கூட்டிப்போக வரும் நான் தெருவிலேயே காரை நிறுத்தி ஹாரன் அடிப்பேன். சாராயக் கடையில் வாசிக்கிறவனோடு எனக்கு என்ன என்று ஒரு எண்ணம், ஒரு நாள்கூட இறங்கி உள்ளே போய் நிற்கவில்லை. அவன் கை எங்கே பட்டது என்று உனக்குத் தெரிகிறது, கூடப் பிறந்த எனக்குத் தெரியவில்லை. நீ நவம்பரில் வரும்போது அண்ணியிடம் சொல்லப்போவதை எனக்கும் சொல். என் அண்ணன் எப்படி வாசித்தான் என்று எனக்குச் சொல்லு டெல்லா, நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

வார்னிஷ் தூசி நெஞ்சில் போய்ப் படியும், மூக்குக்கு முகமூடி கட்டாமல் மேசையில் உட்காராதே. பெரியம்மாவுக்கு இந்த வாரமே போன் பண்ணு, போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். கர்த்தர் உன் கைகளையும் அவை செய்கிற வேலையையும் ஆசீர்வதிப்பாராக, அம்மா உனக்கு முத்தங்கள் அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
உன் முன்னால் தலைகுனிந்து நிற்கும்
அப்பா வெண்டல் பிக்கெட்