ஸ்டூல் அடுப்படியிலேயே இருக்கட்டும்

அண்ணா,

நேற்று சாயந்திரம் அடுப்படியில் இருந்தவர்கள்: நீ, அம்மா, உன் சிநேகிதன், நான், என் ஸ்டூல். "இந்த வயசுல உக்காந்து சமைக்கிறா பாரு, மகாராணி!" என்றாய். அவன் சிரித்தான். அவன் போனதும் ஸ்டூலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாய்.

இன்று காலையில் நானே ஏறி அதை இறக்கினேன். தோள் இன்னும் விண்விண் என்று தெறிக்கிறது. நின்றால் பாதிச் சமையலில் இடுப்பு விட்டுப்போகிறது, உட்கார்ந்தால் முடித்துவிடுகிறேன். அவ்வளவுதான் விஷயம். கம்பெனியில் ராத்திரி ஷிப்டை விட்டதுகூடச் சோம்பலால் இல்லை. எவ்வளவு தூங்கினாலும் அடித்துப் போட்ட மாதிரி எழுந்திருக்கிற உடம்பு இது. இதை வைத்துக்கொண்டுதான் நான் பிழைக்க வேண்டும்.

இப்போது அதே கம்பெனிக்குத்தான் போகிறேன். பகலில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்பேன். இல்லை என்றால் அடுத்த கம்பெனி.

அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், நீ வீட்டுக்கு வந்ததும் சூடு பண்ணிச் சாப்பிடு. பிளம்பர் வந்தால் ஒழுகும் குழாயைக் காட்டு.

பி.கு.: உனக்குப் பிடிக்குமே என்று காரம் கூடப் போட்டிருக்கிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

இன்னொன்று: பரண் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். உன் வாசல் சாவி உன்னிடம் இருக்கிறது. நான் வாசல் கதவையும் சாத்திப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.