ஊசிக்கு டாட்டா

குத்தாலம்
21.6.2025

கணக்கில் புலியும் கபடியில் எலியுமான என் ஷமாவுக்கு,

காய்ந்த நாக்கோடும் நிறைந்த வயிற்றோடும் உன் இசைவாணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், அதாவது நானும் அப்பாவும். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் 'எல்லோரும்' என்று எழுதினால்தான் கொஞ்சம் கூட்டமாகத் தெரிகிறது. போனே வைத்துக்கொள்ளக் கூடாத விடுதியில் உன்னைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அதனால் உன்னைப் பார்க்கத் திருச்சிக்கு வரும் உன் ஜாஃபர் அண்ணன்தான் இனி எனக்குத் தபால்காரர். கடிதத்தில் முறுக்கு எண்ணெய் பட்டிருந்தால் அவரைக் கேள்.

செய்தி என்னவென்றால், எங்கள் வீடு வீகன் ஆகிவிட்டது. அப்பா ஏதோ இயற்கை உணவு முகாமுக்குப் போய்வந்தார். வந்த அன்றே ஃபிரிட்ஜை விற்றுவிட்டார். "அது செத்த சோத்துக்குக் கட்டுன சமாதி" என்றார். பால் கிடையாது. தயிர் போய்விட்டது, தைரியம் மட்டும் மிச்சம். முட்டைக்கு முட்டுக்கட்டை. மீனுக்கு மீண்டும் வாய்ப்பில்லை. வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அதில் மிளகாய்க் காம்பைப் போட்டு அப்பா தயிர் உறைய வைக்கிறார். சத்தியமாகத் தயிர் மாதிரியே இருக்கிறது. காலையில் கருப்புக் கவுனிக் கஞ்சி, மதியம் வாழைத்தண்டுப் பச்சடி, பிரண்டைத் துவையல், ராத்திரி முடக்கத்தான் தோசை. பொய் சொல்ல மாட்டேன், அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் இவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டதே இல்லை.

சிக்கல் சாப்பாட்டில் இல்லை. என் ஊசியில் இருக்கிறது. எட்டு வயதிலிருந்து நான் சர்க்கரைக்காரி என்பது உனக்குத் தெரியும். இன்சுலின்தான் எனக்கு முதல் கவளம். அப்பா காலை ஊசியை நிறுத்திவிட்டார். ஆடி பிறந்தால் ராத்திரி ஊசியும் கிடையாதாம். "ஒங்கம்மாவ ஆஸ்பத்திரி ஊசிதான்டி கொண்டுபோச்சு. ஒன்னையும் அதுக்குத் தாரவாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி பாகற்காய் வைத்தார். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி எதிர்த்துப் பேசுவது?

இப்போது தண்ணீர் தண்ணீராகக் குடிக்கிறேன், கொல்லைக்கும் கூடத்துக்கும் ஓடுகிறேன். அறிவியல் அம்மணி, ஒரு வழி சொல்.

இப்படிக்கு,
இனிப்பின் எதிரி, கசப்பின் கைதி,
இசை


திருச்சி
22.6.2025

ஏய் இசை,

அண்ணன் வாசலில் நிற்கிறான். வார்டன் மணி அடிப்பதற்குள் எழுதுகிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேர்க்கடலைத் தயிர் சாப்பிடு, கவுனிக் கஞ்சி குடி, நல்லதுதான். ஆனால் உன் உடம்பு இன்சுலினைச் சுரக்கவே சுரக்காதுடி. எந்தக் கீரையும் அதைச் சுரக்க வைக்காது. ஊசியை விட்டால் செத்துப்போவாய்.

அண்ணன் மெடிக்கலில் வழக்கம்போல வாங்கிக்கொள். இத்தனை வருஷமாக உனக்கு அவன்தானே கொடுக்கிறான், ஒன்றும் கேட்க மாட்டான். ஃபிரிட்ஜ் இல்லையென்று பயப்படாதே. தண்ணீர்ப் பானை உட்கார்ந்திருக்கும் ஈர மணல் இருக்கிறதே, அதற்குள் ஒரு சோப்பு டப்பாவில் போட்டுப் புதைத்து வை. மருந்து கெடாது. கொல்லைக் கக்கூஸில் போய்ப் போட்டுக்கொள்.

ஆனால் ஒன்று. இது கொஞ்ச நாளைக்குத்தான். அதற்குள் உங்கப்பாவிடம் நீயே சொல்லிவிட வேண்டும். சத்தியம் பண்ணு.

அன்புடன்,
ஷமா


குத்தாலம்
16.8.2025

மணல் மகாராணி ஷமாவுக்கு,

சோப்பு டப்பா வாழ்க! அதைக் கண்டுபிடித்த உன் மூளையும் வாழ்க!

அப்பா தினமும் காலையில் என் விரலைக் குத்தி மெஷினில் பார்க்கிறார். ஊசி என்றால் ஆகாதவர், இந்தக் குட்டி ஊசிக்கு மட்டும் சலுகை. எண் நன்றாக வந்த முதல் நாள் என்ன செய்தார் தெரியுமா? அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்று, "பாத்தியா? ஒம் பொண்ண நான் காப்பாத்திட்டேன்" என்றார். அப்புறம் சமையல்கட்டுக்குப் போய், தாளிக்கிற புகை கண்ணைக் கரிக்கிறது என்று துடைத்துக்கொண்டார். அடுப்பே பற்றவைக்கவில்லை ஷமா.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அவர் ஒரு கரண்டி கஞ்சியை ஊட்டிவிட்டார். அதோடு போயிற்று.

வாத்தியார் நாற்காலியில் பலாப்பிசின் தடவியது, லோ சுகர் என்று மயங்கி விழுந்து வகுப்பே கொடுத்த மிட்டாயைச் சுருட்டியது, எல்லாம் இதற்கு முன்னால் தூசி.

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் படைத்தோம். எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, புளிச்சோறு, நம் வேர்க்கடலைத் தயிர்ச்சோறு. அப்பா போனைத் தூக்கிப் பிடித்து, "சொல்லும்மா, ஊசிய எப்புடி விட்டோம்?" என்றார். நான் ஒரு கையில் தயிர்ச்சோற்றை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டி, பல் முப்பத்திரண்டும் தெரிய, "ஊசிக்கு டாட்டா!" என்றேன். விளையாட்டுக்குத்தான். அப்பா போட்ட அந்த வீடியோ இப்போது தஞ்சாவூரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறதாம். யார் யாரோ அப்பாவுக்குப் போன் செய்து பத்தியச் சமையல் கேட்கிறார்கள். அம்மா போனதிலிருந்து தரையைப் பார்த்து நடந்தவர் இப்போது தெருவைப் பார்த்து நடக்கிறார். நான் எப்படி அதை உடைப்பேன், சொல்?

இப்படிக்கு,
பொய்ப்புகழ்
இசை


திருச்சி
17.8.2025

இசை,

அந்த வீடியோ வார்டன் போனுக்கே வந்துவிட்டது. என் பக்கத்துக் கட்டில்காரி அதைச் சர்க்கரை வியாதி இருக்கும் அவள் சித்தப்பாவுக்கு அனுப்பச் சொன்னாள். அண்ணன் இன்று என்னிடம் கேட்டான்: "ஊசியே போடாத பொண்ணு போன வாரம் எங் கடைக்கு எதுக்கு வந்துச்சு?" "அதெல்லாம் சும்மா வெளம்பரம்ண்ணே, கண்டுக்காத" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்தது வெளியே வந்தால் அவன் கடைக்குத்தான் வம்பு.

உன்னைப் போல இன்னொரு பிள்ளை இதைப் பார்த்தால்? அதன் வீட்டு மணலுக்குள் டப்பா இருக்காதுடி. சொல்லிவிடு.

ஷமா


குத்தாலம்
30.8.2025

கோபக்கார ஷமாவுக்கு,

நீ சொன்ன இன்னொரு பிள்ளை வந்துவிட்டது. பெயர் பரிதி, ஏழு வயது. அவன் அம்மா வானதி அக்கா திருப்பனந்தாளிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அவனுக்கும் என் வியாதியேதான். வந்ததும் என் முன்னால் நின்று, "ஊசிக்கு டாட்டா அக்கா நீங்கதானே?" என்று கேட்டான்.

சரியான வால். பழுத்த பாகற்காயின் சிவப்பு விதைகளைப் பல்லில் ஒட்டி ரத்தக் காட்டேரி ஆவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். அப்பா மேலேயே பாய்ந்து பயமுறுத்தினான். போகும்போது விதைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டுமாம்.

நான் சொன்னேன் ஷமா, நம்பு. வானதி அக்காவிடம், "ஊசிய மட்டும் விட்றாதீங்கக்கா, நானே விடல!" என்றேன். ஆனால் அப்பா பக்கத்தில் இருந்தார். அதனால் சிரித்துக்கொண்டே சொன்னேன். அக்காவும் சிரித்துவிட்டு, "ஒங்க பொண்ணு செம வாலுங்க" என்றார் அப்பாவிடம். "அது அப்புடித்தாங்க. எதையும் தலைகீழாத்தான் சொல்லும்" என்றார் அப்பா.

புதன்கிழமை மறுபடி வந்தார்கள். காலை ஊசியை நிறுத்தியாயிற்றாம். பரிதி அன்று ஓடவில்லை. பானையடியில் நின்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். மணலில் கால் வைத்து நின்றுதான் குடித்தான். அவன் பெருவிரலுக்கு ஒரு சாண் கீழே மருந்து இருந்தது.

நாளைக்கு எங்கள் வீட்டில் சமையல் வகுப்பு, ஊரெல்லாம் வருகிறது. வானதி அக்காவும் வருவார், அன்றோடு ராத்திரி ஊசியையும் நிறுத்தப்போகிறாராம். வகுப்பு முடிந்து கூட்டம் கலைந்ததும் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு நடுவில் அவரை அவமானப்படுத்த முடியாது. அவ்வளவுதான்.

இசை


திருச்சி
31.8.2025

இசை,

இது உன் கைக்கு வரும்போது வகுப்பு முடிந்திருக்கும். இன்றைக்கே சொல். படித்த இடத்தில் நின்றுகொண்டே சொல். இது நம் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும் என்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஷமா


குத்தாலம்
13.9.2025

ஷமா,

பரிதி இறந்துவிட்டான்.

வகுப்பு முடிந்தது. உன் கடிதம் வந்தது. நான் சொல்லவில்லை. எல்லோரும் அப்பாவுக்குத் துண்டு போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் துண்டோடேயே சமையல்கட்டில் உட்கார்ந்து மிச்சக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் நாளைக்கு என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. வாந்தி, மூச்சிரைப்பு. கும்பகோணத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "பத்தியத்துல எங்கயோ தப்புப் பண்ணிட்டாங்கம்மா. பாலு கீலு குடுத்துருப்பாங்க. ஒனக்குச் சரியாச்சில்ல?" என்றார். இப்போதும் நான்தான் அவருக்குச் சாட்சி.

சாவுக்குப் போனோம். வானதி அக்கா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஒனக்கு மட்டும் எப்புடிம்மா?" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அப்போதும் சொல்லவில்லை.

டப்பா இன்னும் மணலுக்குள்தான் இருக்கிறது. நான் இரண்டு வேளையும் போட்டுக்கொள்கிறேன். அவன் செத்த அன்றைக்கும் போட்டுக்கொண்டேன்.

இசை


திருச்சி
14.9.2025

இசைவாணிக்கு,

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் உங்கள் வீட்டுக்கு வருவான். அதற்கு முன்னால் சொன்னால் நீ சொன்னதாக இருக்கும்.

மணல் யோசனை என்னுடையது. அண்ணன் கடையை நினைத்து வாயை மூடிக்கொண்டதும் நான்தான். உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்தப் பிள்ளை பானையடியில் நின்று தண்ணீர் குடிப்பது தெரிகிறது. என் கையெழுத்தைப் பார்த்தால் உனக்கும் அப்படித்தான் இருக்கும். இனி எனக்கு எழுதாதே.

ஊசியை விடாதே.

ஷமா


குத்தாலம்
9.11.2025

ஷமா,

எழுதாதே என்றாய். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் ஜாஃபர் அண்ணன் வாங்கிக்கொள்ளவில்லை, அதனால் தபாலில் போடுகிறேன்.

அண்ணன் வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். வாயால் இல்லை. அப்பா பார்க்கப் பார்க்க மணலைத் தோண்டி டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். திறந்து பார்த்தார். "மொத நாள்லேருந்தா?" என்றார். "மொத நாள்லேருந்துப்பா." சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

திருப்பனந்தாளில் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான்தான் உள்ளே போய்ச் சொன்னேன். வானதி அக்கா அடிக்கவில்லை, கத்தவில்லை. "அன்னிக்கு எங்கிட்ட சொன்னியே பாப்பா, ஊசிய விட்றாதீங்கன்னு. அதச் சிரிக்காமச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

இப்போது நான்தான் சமைக்கிறேன். அதே கஞ்சி, அதே பச்சடி. அதன் மேல் என்ன குற்றம்? தட்டில் போட்டதும் அப்பா எழுந்துபோய் என் ஊசியை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார். நான் போட்டுக்கொள்ளும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. விரலைக் குத்திப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

வீடியோவை அன்றைக்கே அழித்துவிட்டார். ஆனால் எத்தனையோ பேர் இறக்கி வைத்திருக்கிறார்கள். நேற்றுக் கும்பகோணம் பஸ்ஸில் முன் சீட்டு அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தார். "ஒங்க பேத்திக்கும் இதையே செய்யச் சொல்லுங்க" என்றார். நான் எழுந்து நின்றேன். "அது பொய்ங்க. அந்தப் பொண்ணு நான்தான். நான் ஊசி போட்டுக்கிட்டேதான் இருந்தேன்" என்றேன். சிரிக்கவில்லை ஷமா. கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை.

அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போம்மா அங்கிட்டு. இந்தப் புள்ள எவ்ளோ களையாச் சிரிக்குது. இது எங்க, நீ எங்க" என்றார்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால், இவள்தான் என்று சொல்லியிருப்பாய்.

இசைவாணி