ஆரஞ்சுத் தட்டில் ஒரு எண்

நம் மகளின் அப்பாவுக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் நலம் கேட்பதற்காக இதை எழுதவில்லை. பதினோரு நாளாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. கடிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா, அதனால்தான் வெளியூரில் உங்கள் புது வேலையிடத்து விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

அன்று நான் போனில் கத்தியதில் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கும். மீதியையும் கேளுங்கள்.

பழைய எறிதட்டு விற்கும் நம் விளம்பரத்தைப் பார்த்து, ஒரு பச்சைத் தட்டு வாங்க வந்தவர் மகளின் விளையாட்டு ஆசிரியர். தட்டின் விளிம்பை விரலால் தடவினார். ‘சிறு கீறல், மற்றபடி புதுசு போல’ என்று நான் எழுதியிருந்தேனே, அது அவர் வீட்டு நாயின் பல் தடமாம். பிறகு தட்டைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். நான் தேய்த்து அழித்த இடத்தில் எண் மங்கலாகத் தெரிந்தது. ‘இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்கம்மா’ என்றார். போட்டேன். அவர் சட்டைப் பையில் மணி அடித்தது. மகள் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தட்டை எறிந்து தூரத்துக் கூடையில் விழவைக்கும் உங்கள் டிஸ்க் கோல்ஃபை அவரும் ஆடும்போது அது பூங்காக் குளத்தில் விழுந்துவிட்டதாம். கண்டெடுத்தவர் கூப்பிடத்தான் எல்லோரும் அடியில் எண் எழுதுகிறார்களாம். சொல்லிவிட்டு, பேசிய விலையை மேஜைமேல் வைத்து, தன் தட்டைத் தானே வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து விளையாட்டு வகுப்பு உள்ள நாளெல்லாம் மகளுக்கு வயிற்று வலி.

என்னிடம் என்ன சொன்னீர்கள்? ‘ஆடுறவங்க பழசக் கொடுத்துட்டுப் புதுசு வாங்குவாங்க, நாம பழசத் தொடச்சு விக்கிறோம், அவ்வளவுதான்’ என்றீர்கள். நானும் தலையாட்டினேன். ஒரு வருஷமாகக் குளியலறையில் உட்கார்ந்து நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தால் தேய்த்துத் தேய்த்து என் விரல் தோல் உரிந்துபோயிற்று. பாட்டில் பாட்டிலாக வாங்குவதைப் பார்த்துக் கடைக்காரம்மா என்னைப் பெரிய சிங்காரி என்றே நினைத்திருக்கிறாள்.

நீர்க்காக்கை என்று நீங்கள் கூப்பிடும் உங்கள் கூட்டாளி அடுத்த பெட்டியோடு வந்தபோது வாசலிலேயே மடக்கினேன். ‘அண்ணன்தான் சொல்ல வேணாம்னாரு அண்ணி’ என்று வழிந்தான். குளத்தில் முங்கி எடுப்பதையெல்லாம் சேறு போகக் கழுவித்தான் கொண்டுவருவானாம். நாற்றம் அடித்தால் அண்ணி கேள்வி கேட்பாள் என்று சொல்லிக்கொடுத்தது நீங்களாம். எவ்வளவு யோசித்திருக்கிறீர்கள்!

போன வருஷம் பழைய வேலை போன பிறகு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால், உரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, வேண்டாம் என்பவர்களுடையதை மட்டும் விற்கலாம் என்று நானே சொல்லியிருப்பேன். என்னைத் திருட்டுக்குக் கூட்டுச் சேர்த்துவிட்டு, அதையும் எனக்குச் சொல்லாமல் இருந்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விளம்பரத்தை எடுத்துவிட்டு நம் வியாபாரத்தை மூடிவிட்டேன். கடைசிப் பெட்டியில் இருந்த எண்களுக்கு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, தட்டுகளைத் திருப்பிக் கொடுத்து வருகிறேன். ஒரு பெரியவர் அதை எப்படி எறிந்தார், காற்று எப்படிச் சதி செய்தது என்று அரை மணி நேரம் கதை சொன்னார். ஒரு அம்மா போனிலேயே அழுதுவிட்டாள். நான் கூப்பிட்டவர்கள் எல்லோரும் போனை எடுத்தார்கள்.

பெட்டியின் அடியில் ஒரு ஆரஞ்சுத் தட்டு. அதில் இருப்பது என் கையெழுத்து. நீங்கள் முதன்முதலில் வாங்கிய தட்டு. ‘உன் எழுத்துதான் அழகா இருக்கும், நீயே எழுது’ என்று மார்க்கரை என் கையில் கொடுத்தீர்கள். உங்கள் எண்ணை எழுதி, ‘கிடைத்தால் தயவுசெய்து கூப்பிடவும்’ என்று கீழே நான்தான் சேர்த்தேன். அது தொலைந்த வாரம் முழுக்க, யாராவது கூப்பிடுவார்கள் என்று குளிக்கப் போகும்போதுகூடப் போனைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அதை மறந்துவிட்டுத்தானே மற்றவர்கள் எண்ணை என் கையால் அழிக்க வைத்தீர்கள்?

வரிசைப்படி அந்த எண்ணுக்கும் கூப்பிட்டேன். அந்த ஒருவர் மட்டும் எடுக்கவில்லை.

இதை அழிக்க மாட்டேன், விற்க மாட்டேன், தபாலிலும் அனுப்ப மாட்டேன். உரியவர் நேரில் வரட்டும். முதலில் ஆசிரியர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லட்டும். பிறகு மகளின் முன்னால் நின்று வாங்கிக்கொள்ளட்டும். அதுவரை தினமும் காலையில் கூப்பிடுவேன். தயவுசெய்து எடுங்கள்.

இப்படிக்கு,
கண்டெடுத்தவள்